சீதன வீடு இருக்கட்டும், முதலில் காரைப் பாருங்கள்

வாசகர் கடிதம்:

ஐயா, எனக்கு வயது 44. களுவாஞ்சிகுடியில் இருக்கிறேன். மட்டக்களப்பு நகரில் ஒரு கட்டட நிறுவனத்தில் வேலை. கைக்கு வரும் சம்பளம் 2,40,000 ரூபா. மனைவி ஆசிரியை, அரச ஊழியருக்குத் தரும் இடர்கடன் கழிந்து 80,000 எடுக்கிறார். இரண்டு பெண் பிள்ளைகள். இப்போது இருப்பது மனைவியின் சீதன வீடு. உறுதி அவர் பெயரில், மாமிக்குச் சீவிய உரித்து, அதாவது உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமை. மேல்மாடி கட்ட எடுத்த கடனில் 22 லட்சம் பாக்கி, மாதம் 41,000 கட்டுகிறோம். கார் லீசிங் 46,000, இன்னும் 15 மாதம். கல்லடியில் ஒரு வீடு 1 கோடி 60 லட்சத்துக்கு வருகிறது. உரிமையாளர் லண்டனில், அவரது அக்கா அற்றோணி (அவர் சார்பில் செயற்பட அதிகாரம் தரும் பத்திரம்) மூலம் விற்கிறார். வயல் விற்ற காசு, சேமிப்பு எல்லாமாக என்னிடம் 65 லட்சம் உண்டு. ஒரு கோடி பத்து லட்சம் கடன் கேட்டேன். வங்கியில், "60 லட்சத்துக்கு மேல் கஷ்டம், பழைய வீட்டை விற்றுவிட்டு வாருங்கள், இல்லையென்றால் அதையும் ஈடு வையுங்கள்" என்கிறார்கள். அந்த வீடு மூத்த மகளுக்கு என்று வைத்திருக்கிறோம். பழைய வீடு இருக்கும்போதே இந்தக் கடனை எடுக்க வழி இருக்கிறதா?

பதில்:

தம்பி, வழி இருக்கிறது. ஆனால் நீங்கள் கேட்ட தொகைக்கு இல்லை, அதற்குக் கொஞ்சம் கீழே.

முதலில் ஒரு பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். இரண்டு வீடு வைத்திருப்பவருக்கு வீட்டுக்கடன் கொடுக்கக் கூடாது என்று நம் நாட்டில் சட்டம் எதுவும் இல்லை. வீடில்லாதவர்களுக்கென்றே வரும் சலுகைத் திட்டங்கள் வேறு, அவற்றை விடுங்கள். சாதாரண வீட்டுக்கடனில் வங்கி பார்ப்பது உங்களிடம் எத்தனை கூரை இருக்கிறது என்பதை அல்ல. மாதம் முடியக் கையில் என்ன மிஞ்சும் என்பதைத்தான்.

நான் 27 வருடம் கடன் பிரிவில் இருந்தவன், மட்டக்களப்பிலும் கல்முனையிலுமாக. கொழும்பிலிருந்து புதிதாக மாற்றலாகி வரும் அதிகாரிகளுக்கு நம் பக்கத்துக் கடன் கோப்புகள் முதலில் விளங்காது. சம்பளம் புருஷனுக்கு, வீடு பெண்சாதிக்கு. நாற்பது வயதுக்காரருக்குச் சொந்தமாக ஒரு வளவும் இல்லை, ஆனால் வீட்டில் இருக்கும் பெண்கள் எல்லோர் பெயரிலும் உறுதி. காத்தான்குடியிலும் அப்படி, கல்முனையிலும் அப்படி, களுவாஞ்சிகுடியிலும் அப்படி. "இவர் ஏன் இரண்டாவது வீடு கேட்கிறார்?" என்று தலைமைக் கந்தோரிலிருந்து கேள்வி வரும். பெண் பிள்ளைகள் இரண்டு என்றால் வீடும் இரண்டு என்று எழுதி அனுப்ப முடியாது, நாங்கள் "முதலீட்டு நோக்கம்" என்று எழுதி அனுப்புவோம். இனி உங்கள் கணக்கு.

உங்கள் இருவரின் கைச்சம்பளமும் சேர்த்து 3,20,000. எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து இதில் எவ்வளவுக்குப் போகலாம் என்பது வங்கிக்கு வங்கி மாறும். 40 வீதம் என்பவர்களும் உண்டு, 60 வரை போகிறவர்களும் உண்டு. பாதி என்று வைப்போம்: 1,60,000. ஏற்கெனவே வீட்டுத் தவணை 41,000, லீசிங் 46,000, ஆக 87,000 போகிறது. புதிய கடனுக்கு மிச்சம் 73,000.

அடுத்தது காலம். வங்கி உங்கள் ஓய்வு வயதைப் பார்க்கும். அரசாங்கத்திலும் தனியாரிலும் இப்போது அது 60. உங்களுக்கு 44, ஆகவே 16 வருடம். 12 வீத வட்டியில், 16 வருடத்துக்கு, மாதம் 73,000 கட்டக்கூடியவருக்குக் கிடைப்பது 62 லட்சம். உங்கள் வங்கிக்காரர் அறுபது என்றது இதைத்தான். கணக்கில் அவர் பிழைவிடவில்லை.

அவரோடு நான் ஒத்துப்போகாதது, பழைய வீட்டை விற்றுவிட்டு வரச் சொன்ன அவரது அடுத்த வசனத்தில். இதே 12 வீதம், 16 வருடக் கணக்கில், நீங்கள் இன்று மாதம் கட்டிக்கொண்டிருக்கும் ஒவ்வோர் 1,000 ரூபாவும் புதிய கடனில் 85,000 ரூபாவை அடைத்துக்கொண்டு நிற்கிறது. சீதன வீட்டின் தவணை 41,000. அது சுமார் 35 லட்சத்தை அடைக்கிறது. வாசலில் நிற்கும் காரின் தவணை 46,000. அது 39 லட்சத்தை அடைக்கிறது. வீட்டை விற்கச் சொன்னவர் காரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டுக்கடனை மூட 22 லட்சம் வேண்டும். லீசிங்கில் 15 தவணைதான் மீதி, முழுக்கக் கூட்டினாலும் 6 லட்சத்து 90 ஆயிரம். இப்போதே முடிப்பதாக இருந்தால் எவ்வளவு என்று கம்பனியிடம் எழுத்தில் கேளுங்கள். வராத மாதங்களின் வட்டியில் ஏதாவது கழித்துத் தருவார்கள். ஆறரை லட்சம் என்று வைப்போம். 22 லட்சத்தைப் போட்டு 35 லட்சம் கடன் தகுதியை வாங்குவதா, ஆறரை லட்சத்தைப் போட்டு 39 லட்சம் தகுதியை வாங்குவதா? கையில் காசு இருக்கிறதே என்று பழைய வீட்டுக் கடனை முதலில் மூடப் பலருக்கும் மனம் வரும். "வீட்டுக் கடன் தலையில் இருக்கக்கூடாது" என்று மாமியும் சொல்லக்கூடும். அப்படிச் செய்தால் கல்லடி வீட்டுக்குப் போடக் கையில் காசிருக்காது.

லீசிங்கை முடித்தால் உங்கள் தகுதி 62லிருந்து ஒரு கோடியே ஒரு லட்சம் வரைக்கும் ஏறுகிறது. கையில் 58 லட்சத்து 50 ஆயிரம் நிற்கும். இரண்டையும் கூட்டினால் ஒரு கோடி 59 லட்சத்துச் சொச்சம். "விலை சரியாக வந்துவிட்டதே" என்று எழும்பிவிடாதீர்கள், முத்திரை வரி இருக்கிறது. முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மீதிக்கு 4 வீதம். உங்கள் விலைக்கு அது 6,39,000 ரூபா. நொத்தாரிசுக் கூலி, உரித்து அறிக்கை, மதிப்பீட்டாளர், ஈட்டு உறுதி எழுதுகிற செலவு எல்லாம் சேர்த்தால் ஒரு கோடி 69 லட்சத்துக்குப் பக்கத்தில் வரும். ஆகவே இன்னும் 10 லட்சம் குறைகிறது.

இந்தப் பத்து லட்சத்துக்கு நகையை அடகு வைக்காதீர்கள். அதுவும் ஒரு தவணைதான், அதுவும் மாதச் சம்பளத்திலிருந்துதான் போகும். விலையைப் பேசுங்கள். லண்டனில் இருப்பவர் விற்க நினைத்தால் காசு ஒரே தடவையில், வங்கி மூலம், தாமதமில்லாமல் வருவதைத்தான் பெரிதாகப் பார்ப்பார். கடன் அனுமதிக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறவருக்கும் "காசு வரும்" என்று பேசுகிறவருக்கும் விலையில் வித்தியாசம் உண்டு. இறங்கவே மாட்டார் என்றால் ஆறு மாத விற்பனை உடன்படிக்கை கேளுங்கள். லீசிங் முடிந்த பிறகு மிஞ்சும் 46,000ஐ அந்த ஆறு மாதமும் தொடாமல் சேர்த்தால் 2,76,000. முழுத்தொகை அல்ல, பாதியும் அல்ல, ஆனாலும் குறை சின்னதாகும். உடன்படிக்கையை நொத்தாரிசு முன்னால் எழுதுங்கள். காணி விற்கும் உடன்படிக்கை வெறும் முத்திரைத் தாளில் எழுதினால் சட்டத்தில் நிற்காது. வங்கி கடன் தராவிட்டால் முற்பணம் திரும்பி வரும் என்ற வசனம் அதில் இருக்க வேண்டும்.

இன்னொன்று: வங்கி கடன் தருவது நீங்கள் கொடுக்கும் விலைக்கு அல்ல, அவர்களின் மதிப்பீட்டாளர் போடும் பெறுமதிக்கு. அவர் 1 கோடி 50 என்று போட்டு, வங்கி 70 வீதம் தந்தால் 1 கோடி 5 லட்சம். உங்கள் கணக்கு அதற்குள் நிற்கிறது. அவர் 1 கோடி 35 என்று போட்டால் நிற்காது. கல்லடியில் இது நடக்கும். வாவிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு துண்டு நிலம் அது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கிழக்கில் 200 மீற்றர் தடைவலயம் என்று சொல்லிப் பிறகு தளர்த்தினார்கள், தெரியும்தானே. இன்றும் மதிப்பீட்டாளர் அறிக்கையில் கடல் எவ்வளவு தூரம் என்று ஒரு வரி எழுதுவார். அந்த அடியில் இடிந்து, பிறகு அவசரமாகத் திருப்பிக் கட்டின வீடென்றால் மாநகர சபையின் கட்டட அனுமதியும் வரைபடமும் இருக்கிறதா என்று கேளுங்கள். சோலை வரிப் பற்றுச்சீட்டு அதற்குப் பதிலாகாது.

வாடகையை உங்கள் வருமானத்தில் சேர்த்துப் பாருங்கள் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். களுவாஞ்சிகுடி வீட்டுக்கு 30,000 வரலாம். ஆனால் வங்கி இன்னும் வராத வாடகையைக் கணக்கெடுப்பது அபூர்வம். எழுதின உடன்படிக்கையும் ஆறு மாதமாவது கணக்கில் விழுந்த பணமும் இருந்தாலும் பாதியைத்தான் எடுக்கும். அதோடு மாமி அங்கேயே இருக்கப்போகிறார் என்றால் நீங்கள் வாடகைக்கு விடப்போவது எதை? மேல்மாடியையா? தனி வாசல் இருக்கிறதா? வாடகை வந்தால் அது மனைவியின் வருமானம், வீடு அவருடையது. 2025 ஏப்ரல் முதல் வருடம் 18 லட்சம் வரை வரி விலக்கு இருப்பதால் அவர் சம்பளத்தோடு சேர்த்தும் வரிக்குள் வராது. உங்கள் பெயரில் வாடகை உடன்படிக்கை எழுதாதீர்கள்.

கிரிப் அறிக்கையை, அதாவது கொடுகடன் தகவல் பணியகத்தின் அறிக்கையை, வங்கி எடுப்பதற்கு முன் நீங்களே எடுத்துப் பாருங்கள். உங்களுடையதும் மனைவியுடையதும். அதில் உங்கள் கடன்கள் மட்டுமல்ல, நீங்கள் பிணை நின்ற கடன்களும் வரும். இது எனக்குப் பட்டுத் தெரிந்தது. கூட வேலை செய்த ஒருவருக்குப் பிணைக் கையொப்பம் போட்டேன். அவர் மூன்று மாதம் கட்டவில்லை, எனக்கு ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. கடன் பிரிவிலேயே இருக்கும் என்னுடைய சொந்த விண்ணப்பம் திரும்பி வந்தபோதுதான் தெரியும். மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கும் வெட்கம் எப்படி இருக்கும் என்று அன்று விளங்கிற்று. கட்டட வேலைத்தலத்தில் ஆட்கள் பிணை கேட்டு வருவார்கள். யாருக்காவது போட்டிருக்கிறீர்களா?

கிரெடிட் காட் பற்றி நீங்கள் எழுதவில்லை. இருந்தால், பாவிக்காவிட்டாலும்கூட, சில வங்கிகள் அதன் எல்லையில் ஒரு பங்கை மாதச் செலவாகவே போட்டுவிடும். எல்லையைக் குறைத்து ஒரு கடிதம் எடுங்கள். லீசிங் முடிந்ததும் கம்பனியின் தீர்த்த கடிதத்தை விண்ணப்பத்தோடு இணையுங்கள். கிரிப் அறிக்கையில் மாற்றம் வர ஒரு மாதம் போலச் செல்லும், அதுவரை அந்தக் கடிதம்தான் சாட்சி. மனைவியின் இடர்கடன் சம்பளத்திலிருந்தே கழிந்துவிட்டது. கடன் எழுதும் பிள்ளை அதைக் கைச்சம்பளத்திலிருந்து இரண்டாம் தரமும் கழித்துவிடாமல் பக்கத்தில் இருந்து பாருங்கள். நான் வேலை செய்த காலத்தில் மாதம் ஒரு கோப்பிலாவது இந்தப் பிழை வரும். வயல் விற்ற உறுதியின் பிரதியும் வேண்டும், அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள்.

இப்போது முக்கியமான இடம். "பழைய வீட்டையும் ஈடு வையுங்கள்" என்றார்களே, அதற்குச் சம்மதிக்க வேண்டாம்.

இரண்டாவது வீட்டை ஈடு வைத்தால் வங்கியின் பயம் குறையும், உங்கள் சம்பளம் கூடாது. மாதம் 73,000 கட்டக்கூடியவர் பத்து வீட்டை ஈடு வைத்தாலும் 73,000தான் கட்டுவார். அப்படித் தரப்படும் கடன் உங்கள் வருமானத்தை நம்பித் தரப்படுவதல்ல, வீட்டை விற்றால் காசு வரும் என்று நம்பித் தரப்படுவது. 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின்படி, நீங்கள் பராட்டே என்று பத்திரிகையில் படிப்பது அதுதான், வங்கி நீதிமன்றப் படி ஏறாமலே இயக்குநர் சபைத் தீர்மானத்தோடு ஈட்டுச் சொத்தை ஏலத்துக்கு விடலாம். இரண்டு வீடும் ஒரே கடனில் கட்டப்பட்டால், ஒரு தவணைப் பிசகில் இரண்டு மகள்மாரின் வீடும் ஒரே அறிவித்தலில் வரும்.

மாமியின் சீவிய உரித்தும் இருக்கிறது. அவர் கையொப்பம் இல்லாமல் அந்த வீட்டை ஒழுங்காக விற்கவும் முடியாது, ஈடு வைக்கவும் முடியாது. மேல்மாடிக் கடன் எடுத்தபோது அவரும் ஈட்டு உறுதியில் கையொப்பம் வைத்திருப்பார், பழைய கோப்பைப் பாருங்கள். யாழ்ப்பாணத்துத் தேசவழமை நமக்கு இல்லை. மனைவியின் காணி மனைவியுடையது, அவர் விற்க உங்கள் சம்மதம் சட்டத்தில் தேவையில்லை. உங்கள் கடனுக்கு அதை ஈடு வைப்பதா என்பதும் அவர் முடிவு. நீங்கள் கடிதத்தில் "வைத்திருக்கிறோம்" என்று எழுதினீர்கள், நல்லது. ஆனால் வங்கியில் பேசியது நீங்கள் தனியாக என்று தெரிகிறது. அடுத்த தடவை அவரையும் கூட்டிப் போங்கள். எப்படியும் கூட்டுக் கடன்காரர் அவர்தான்.

பழைய வீட்டைப் பிறகு விற்கலாம் என்று மனதில் ஒரு மூலையில் வைத்திருந்தால் ஒரு தேதியையும் கூட வைத்திருங்கள். குடியிருந்த வீட்டை விற்று வரும் இலாபத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை. அதற்கு, விற்பதற்கு முந்திய மூன்று வருடமும் சொந்தமாக இருந்து, அதில் இரண்டு வருடமாவது அங்கே குடியிருந்திருக்க வேண்டும். கல்லடிக்குப் போய் ஒரு வருடம் கடந்துவிட்டால் அந்த விலக்கு கைநழுவும். இது மகளுக்கு வைக்கும் வீடு என்பதால் உங்களுக்கு இப்போது பெரிய விஷயமில்லை, சும்மா தெரிந்திருக்கட்டும்.

வட்டியைப் பற்றிக் கொஞ்சம் பயமுறுத்த வேண்டும். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே நாளில் கொள்கை வட்டியை 7 வீதப் புள்ளியால் கூட்டியது. அந்த வருடக் கடைசியில் வங்கிகள் தங்கள் முதல்தர வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் வட்டியே 25 வீதத்தைத் தாண்டியது. மிதக்கும் வட்டியில் வீட்டுக்கடன் எடுத்தவர்கள் கிளைக்கு வந்து நின்ற முகங்கள் எனக்கு மறக்காது. இப்போது வட்டி இறங்கியிருக்கிறது, அதனால்தான் எல்லோருக்கும் வீடு வாங்கத் தைரியம் வந்திருக்கிறது. ஒரு கோடியே ஒரு லட்சத்துக்கு 12 வீதத்தில் தவணை ஏறக்குறைய 1,18,500. 15 வீதமானால் 1,39,000. பழைய வீட்டின் 41,000ஐயும் சேர்த்தால் 1,80,000. 3,20,000இல் அதைக் கட்டிவிட்டு 1,40,000இல் இரண்டு பிள்ளைகளின் படிப்பு, இரண்டு வீட்டின் மின்சாரக் கட்டணம், மாமியின் மருந்து. முடியும். ஆனால் இறுக்கம். முதல் ஐந்து வருடமாவது நிலையான வட்டி தரும் வங்கியைத் தேடுங்கள், அரை வீதம் கூடினாலும் பரவாயில்லை. கடனை முன்கூட்டிக் கட்டினால் தண்டம் எவ்வளவு என்றும் கேளுங்கள்.

கடைசியாக அந்த அற்றோணி. கடன் விஷயத்தை விட எனக்கு இதுதான் உறுத்துகிறது. லண்டனில் இருக்கும் உரிமையாளர் அக்காவுக்குக் கொடுத்த அற்றோணியில் "விற்க" என்ற அதிகாரம் தெளிவாக இருக்கிறதா, அது இங்கே பதியப்பட்டிருக்கிறதா, கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று பாருங்கள். கொடுத்தவர் இறந்தால் அற்றோணியும் செத்தது. வங்கிச் சட்டத்தரணி எப்படியும் இதைப் பார்ப்பார், ஆனால் அவர் பார்க்கும்போது உங்கள் முற்பணம் போயிருக்கும். காணிக் கந்தோரில் தோம்புப் பிரதி, அதாவது காணிப் பதிவேட்டின் பிரதி, எடுத்து முப்பது வருடத்துக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். இடம்பெயர்விலும் சுனாமியிலும் உறுதி தொலைந்தவர்கள் நம் பக்கத்தில் ஏராளம். இடையில் எங்காவது "நானே ஆண்டு அனுபவித்து வந்தேன்" என்று ஒருவர் தானாக எழுதிக்கொண்ட உறுதி வந்தால் பல வங்கிகள் அங்கேயே கோப்பை மூடிவிடும். உரிமையாளரோடு வீடியோ அழைப்பில் ஒரு தடவை நேரே பேசுங்கள். அக்கா சொல்லும் விலையும் உரிமையாளர் நினைத்திருக்கும் விலையும் ஒன்றுதானா என்பதும் அப்போது தெரியும். உங்கள் பத்து லட்சம் அங்கேயேகூடக் கிடைக்கலாம்.

மாமி உங்களோடு கல்லடிக்கு வருகிறாரா, களுவாஞ்சிகுடியிலேயே இருக்கப்போகிறாரா என்று கடிதத்தில் இல்லை. வாடகைக் கணக்கு முழுக்க அதில்தான் நிற்கிறது. அவரிடம் கேட்டுவிட்டு, லீசிங் கம்பனியின் தீர்க்கும் தொகைக் கடிதத்தையும் அற்றோணியின் பிரதியையும் எடுத்துக்கொண்டு திரும்ப எழுதுங்கள், தம்பி. அதுவரை அக்காவின் கையில் ஒரு ரூபாவும் வைக்க வேண்டாம்.